மிதிவண்டியில் பழவேற்காடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு. ஆனா இன்ஜினியரிங் மட்டும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சரி, சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் சிவில்காரன் சைக்கிளில் போனாலும் கண் மண்ணையும் தண்ணீரையும்தான் பார்க்கும். அவர் மன்னிக்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்முனையும் ஊரும் நம்முடையவை. காரில் போனால் படகுத்துறை, ஒரு பிளேட் மீன் வறுவல், நாலு போட்டோ, அவ்வளவுதான். சைக்கிளில் போனால்தான் ஊர் வாய் திறக்கும்.

பொன்னேரி வரை புறநகர் ரயிலில் போய்விடலாம். அங்கே நம் வகுப்புத் தோழன் வீட்டில் இரண்டு பழைய சைக்கிள்கள் எப்போதும் தயாராக இருக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். வழி நெடுக மேடே கிடையாது. வயல், நடுவில் திருப்பாலைவனம் கோயில், ஒரு டீ. நிதானமாக மிதித்தால் ஒன்றரை மணி நேரம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். பிற்பகலில் கடற்காற்று தரையை நோக்கித் திரும்பும். காலையில் கிழக்கே போய், மாலையில் மேற்கே திரும்பினால் இரண்டு முறையும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பெட்ரோல் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்! பஞ்சர் ஒட்டும் சாமான் மட்டும் மறக்காதீங்க, ஓரமெல்லாம் வேலிக்கருவை முள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் போடுங்க. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது.

ஊருக்குள் முதலில் டச்சுக்காரர்களைப் பார்த்துவிடுவோம். 1613இல் அவர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். 1690இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மூடிய மேடுதான் மிச்சம். கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. அதன் வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கும். உள்ளே பெயரும் வருஷமும் குடும்பச் சின்னமும் வெட்டிய கற்கள். எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

இங்கிருந்து துணி கீழைத் தீவுகளுக்குப் போயிற்று. அங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் வந்தன. துணி மட்டுமா போயிற்று? பஞ்ச காலங்களில் நம் மக்களை அடிமைகளாக வாங்கிப் பதாவியாவுக்குக் கப்பலேற்றியதும் இந்தக் கரையிலிருந்துதான். வியாபாரிகளின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. கப்பலேறியவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வரும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஏரிக்கரை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால்தான் குளிர்காலத்தில் பூநாரைகள் கால் ஊன்றி நடந்தே இரை தேடுகின்றன. அவற்றைப் போலவே ஏரியில் இறங்கி நடக்கும் மனிதர்களும் உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை இல்லை, படகு இல்லை. பனையோலையில் முடைந்த பறி ஒன்றுதான் கருவி. ஊருக்குள் பல வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருப்பார்கள். சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, இது எத்தனை நாள் வேலை?" என்று கேட்டால் உட்காரச் சொல்லிக் காட்டுவார்கள்.

மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன்பாடு நன்றாக இருக்கும் இடங்களில், யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவரே நல்ல இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பொதுச் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்று நாம் செமினார் நடத்துகிறோம். அவர்கள் பல தலைமுறைகளாகச் செய்து காட்டுகிறார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் இடத்தை நம்பி இருக்கிறது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம்தான் அது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். வாசல் அடைத்தால் இந்தப் போக்குவரத்து நின்றுபோகும். கோடையில் தண்ணீர் வற்றி, உப்பு கடலைவிட ஏறிவிடும். படகும் கடலுக்குப் போக முடியாது.

வாசல் ஏன் அடைக்கிறது? இங்கேதான் இன்ஜினியரிங் எட்டிப் பார்க்கிறது, செயலாளர் கவனிக்கவும்! நம் கரையோரத்தில் அலைகள் மணலை வருஷம் முழுக்க நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே, மற்ற மாதங்களில் வடக்கே. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கில் மணல் குவியும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதும் இதனால்தான். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இரண்டும் பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓதத்தின்போது ஏரிக்குள் எவ்வளவு தண்ணீர் புகுந்து திரும்புகிறதோ, அந்த ஓட்டம்தான் வாசல் மணலை அடித்துத் தள்ளுகிறது. ஏரி தூர்ந்தால் புகும் தண்ணீர் குறையும்; ஓட்டம் குறைந்தால் மணல் ஜெயிக்கும். ஆகவே வாசலை மட்டும் தோண்டினால் போதாது, ஏரியையும் பார்க்க வேண்டும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வாயி எந்த மாசம் எந்தப் பக்கம் நகரும்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். படம் போடறவங்க ஒருநாள் வந்து கேட்டா சொல்லுவோம்" என்றார். அதில் கோபம் இல்லை. ஆனால் நியாயம் இருந்தது.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளைக்குத் துறைமுகம் வரைவீர்கள், சிலர் தடுப்புச் சுவருக்கு மதிப்பீடு போடுவீர்கள். துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் வாங்கும் சம்பளத்தில் அதன் பங்கும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கரையில் ஒரு முறை மெதுவாகப் போய்ப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரிவது, அங்கே ஒருவருடைய பாடு. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது கண்ணில் படும்.

வருகிற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து கிளம்பலாம் என்று சில நண்பர்கள் பேசி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஏற்பாடு செய்யலாம். முட்டி வலிக்கிறது என்று சொல்லும் என் வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் விலக்கு கிடையாது.