தீ மூண்ட முதல் ஐந்து நிமிடங்கள்

(தீயணைப்புப் பணி வாரத்தையொட்டி அந்தமான் – நிகோபார் தீவுகளின் தொழிற்சங்க ஊழியர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944இல் அந்நாளில்தான், பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பருத்தி மூட்டைகளும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர்நீத்தனர். துறைமுகத் தொழிலாளரும் அக்கம்பக்கத்து மக்களும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அவர்கள் நினைவாக ஒரு வாரம் செயல்விளக்கங்கள் நடக்கின்றன. வாரம் முடிந்தபின் வேலைத்தலங்களில் எஞ்சுவது என்ன என்பதே கேள்வி.

இத்தீவுகளில் அக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. சென்னை இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பலில் மூன்று நாள் பயணம். ஹேவ்லாக்கில் ஒரு விடுதி எரிந்தால், போர்ட் பிளேரிலிருந்து கூடுதல் உதவி கடல் கடந்தே வரவேண்டும். ஆகவே முதல் ஐந்து நிமிடங்கள் அங்கே நிற்கும் சமையல்காரர், காவலாளி, அறை துப்புரவுப் பணியாளர் ஆகியோர் கையில்தான் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். பயிற்சிப் பட்டியலில் முதலில் விடுபடும் பெயர்களும் அவர்களுடையவையே.

1883இல் தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலை முதல் இன்றைய சிறு மரப்பட்டறை வரை, மரத்தூளே முதற்பகை. உத்தரத்தில் படிந்த தூளுக்கு ஒரு பொறி போதும். காற்றில் அடர்ந்து பரவிய தூள் வெடிக்கவும் கூடும். விடுதிச் சமையலறையில் பகை வேறு: எரியும் எண்ணெயில் நீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். மின்சாரம் துண்டிக்கப்படாத பலகையில் நீர் தெளித்தால், தெளித்தவரையே மின்சாரம் தாக்கும். எந்தத் தீக்கு எந்தக் கருவி, அதன் ஊசியை எப்படி இழுப்பது, எரிவாயுவை எங்கே மூடுவது, புகையில் எப்படித் தவழ்ந்து வெளியேறுவது என்பவற்றைச் சுவரொட்டி கற்றுத்தராது. கை பழகவேண்டும். இந்தி இங்கே பொதுமொழி எனினும், பதற்றத்தில் மனிதன் தாய்மொழியில்தான் சிந்திக்கிறான். தமிழருக்குத் தமிழிலும், தெலுங்கருக்கும் வங்காளியருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளருக்கும் அவரவர் மொழியிலும் பயிற்சி தரப்பட வேண்டும்.

பயிற்சி முதலாளியின் கருணை அன்று. தீப்பற்றும் பொருள் கையாளப்படும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் அனைவரும் வெளியேறும் முறையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு விதித்தது. 1987இல் சேர்க்கப்பட்ட 111அ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே அறிவித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்போ, மின்விசையுடன் இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்தியுள்ளது. 15 பேர் உழைக்கும் மரப்பட்டறை இனிச் சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையே அன்று. தீ அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற பல்லவி எழுகிறது. 1911இல் நியூயார்க் டிரையாங்கிள் ஆடை ஆலையில் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறிய இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்தது. 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் 27 பேர் பலியாயினர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாத கட்டடம் அது. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. பூட்டிய கதவின் முன்னே பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒன்றே. வழியைத் திறந்து வைக்காமல் பயிற்சி மட்டும் தருவது, பழியைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்கான ஏற்பாடாகிவிடும்.

‘இன்று பயிற்சி பெறுபவர் அடுத்த பருவத்தில் வேறிடம் போய்விடுவார், செலவு வீண்’ என்கின்றனர் உரிமையாளர்கள். அவரை நிலையற்றவராக வைத்திருப்பது யார்? பருவந்தோறும் ஆள் மாறினால், பருவந்தோறும் பயிற்சி தருவதே முறை.

எனவே ஊழியர்கள் தத்தம் வேலைத்தலத்தில் நாளையே நான்கு கேள்விகளை எழுப்ப வேண்டும். தீயணைப்பானின் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? அவசரக் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கிறதா? இரவுப் பணியினரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒத்திகையில் சேர்க்கப்பட்டனரா? வெளியேறியோரை எண்ணிச் சரிபார்க்கப் பெயர்ப்பட்டியல் உண்டா? ‘இல்லை’ என்னும் ஒவ்வொரு பதிலையும் எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் ஒப்பம் பெறவேண்டும். ஒத்திகை பணிநேரத்தில், ஊதிய இழப்பின்றி நடைபெற வேண்டும். கருவிக்கு அடங்காத தீயை விட்டு வெளியேறும் தொழிலாளி மீது நடவடிக்கை கூடாது.

உயிரோடு வீடு திரும்புவது கூலியின் ஒரு பகுதி. அதையும் போராடித்தான் பெறவேண்டும், தோழர்களே.