கண்காணிப்புக் கேமராவும் கண்கண்ட சாட்சியும்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ எதைப் பத்திப் பேசப் போறே?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "கேமரா மாட்டுறவன் கேமராவைப் பத்தித்தான் பேசுவான்" என்றேன். கடம்பத்தூரில் சின்னதாக ஒரு கடை. காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை கண்காணிப்புக் கேமரா பொருத்திப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. இன்று அந்தத் தொழிலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன்.

2023-ஆம் ஆண்டு. காக்களூரில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த பையனை, கேட்டுக்கு எதிரிலேயே ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மூன்றாம் நாள் அவன் அம்மா என் கடைக்கு வந்தார்.

"தம்பி, உங்க கேமராவுல அந்த லாரி நம்பர் விழுந்திருக்குமில்ல?"

"விழுந்திருக்கும்மா. எங்கேயும் போகாது" என்றேன்.

பதினைந்தாம் நாள் போலீஸ் வந்து கேட்டபோது பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. யாரும் அழிக்கவில்லை, அதுவே அழித்துக்கொண்டது. கணக்குப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு ஒரு மெகாபிட் பதிந்தால், நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 11 ஜி.பி. அங்கே 16 கேமரா. டிஸ்க் 2 டி.பி. பதினோரு நாளில் நிறைந்துவிடும். பன்னிரண்டாம் நாள் பதிவு முதல் நாள் பதிவின் மேலேயே ஏறி உட்காரும். இந்தக் கணக்கை வகுப்பில் படித்தவன் நான். அன்றைக்கு ஒரு பென் டிரைவை எடுக்கத் தோன்றவில்லை.

அதன் விலை என்ன தெரியுமா? மோதிய வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரலில் வந்த திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்தான். வண்டி நம்பர் தெரிந்திருந்தால், தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு வைத்தியச் செலவு, இழந்த சம்பளம் எல்லாம் கேட்டிருக்கலாம்.

பெரிய வழக்குகளிலும் இதே கதைதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும் இந்த நிலை! அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எடுத்து வைத்ததால் நின்ற வழக்கும் உண்டு. 2015-இல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு பிறழவில்லை. மேல்முறையீட்டின்போது நீதிபதிகள் கோயிலுக்கே போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023-இல் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது.

ஆகவே தம்பி தங்கைகளே, நாலு விஷயம் மனதில் வையுங்கள்.

ஒன்று: சம்பவம் நடந்த அன்றே, தேதி, நேரம், எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

இரண்டு: திரையைச் செல்போனில் படம் பிடித்தால் போதாது. பெட்டியிலிருந்தே கோப்பை எடுக்க வேண்டும்.

மூன்று: பெட்டியின் கடிகாரத்தையும் சரியான நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நாற்பது நிமிடம் பின்தங்கிய பெட்டியை நானே பார்த்திருக்கிறேன்.

நான்கு: நகலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் பதிவைத் தருபவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் எழுத வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

இப்போதெல்லாம் எங்கே விபத்து என்றாலும் முதலில் பதிவை எடுத்து வைத்துவிட்டுத்தான் மறு வேலை. அந்தப் பையன் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். அவன் அம்மா ரயிலடியில் என்னைப் பார்த்தால், "நல்லா இருக்கியா தம்பி?" என்றுதான் கேட்கிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"எங்கேயும் போகாது" என்று நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். எடுத்து வையுங்கள்.