நோய்க்கு அஞ்சா நெஞ்சம்



புற்றுநோய் என்னும் பெயரை, நோயுற்ற பிள்ளையின் எதிரில் உச்சரிக்கவும் அஞ்சும் இல்லங்கள் நம்மிடையே பல உள. அந்த மௌனத்தில் பிள்ளை தனித்து விடப்படுகிறது. கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் தனித்து விடப்படவில்லை.

1977ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் அவர் தம் வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். மருத்துவமனையில் உடனிருந்த சிறுவர்களின் வேதனையை அவரால் மறக்க இயலவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் குறுக்கே ஓடப்போவதாக அவர் கூறியபோது அன்னையார் கடிந்து மறுத்தார். எந்தத் தாய்தான் உடனே இசைவாள்? தந்தையாரோ, எப்போது புறப்படுகிறாய் என்று மட்டுமே வினவினார்.

1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலுடன் தொடங்கிய ஓட்டம், 143 நாள்களில் 5,373 கிலோமீட்டரைக் கடந்தது. சராசரியாக நாள்தோறும் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்! நண்பர் ஒருவர் வேனை ஓட்டி உடன் சென்றார். தம்பியும் வழியில் வந்து சேர்ந்துகொண்டார். செப்டம்பர் முதல் நாள், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28இல், இருபத்து மூன்று வயது நிறைவதற்கு ஒரு மாதம் முன்னர், அவர் இயற்கை எய்தினார்.

அன்று மறுத்த அன்னையாரே, 2011இல் தாம் மறையும் வரை பள்ளி பள்ளியாகச் சென்று மகனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்.