ஈரலின் நுண்குழாய்கள்



மட்டாஞ்சேரியில், கச்சு, குஜராத் பகுதிகளிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அப்பகுதிகளின் சில சமூகங்களில் ‘தாலசீமியா’ என்னும் பரம்பரை இரத்தசோகை மிகுதியாகக் காணப்படுகிறது. கடுமையாக இந்நோயுற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியே ஆகவேண்டும். நோயை வேரோடு களைய வல்லது எலும்பு மஜ்ஜை மாற்று. இரத்த மூல உயிரணு மாற்று என்பதும் இதுவே. நம் நாட்டில் 1983-இல் பம்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கிற்று.

புதிய உயிரணுக்கள் வேரூன்றும் நாட்களில் ஈரல் இடர்ப்படுவதுண்டு. பழைய மஜ்ஜையை அழிக்கப் புசல்பான், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கடுமருந்துகளைச் செலுத்துகிறார்கள். அவற்றின் நஞ்சை முறிப்பது ஈரலின் வேலை. அவ்வேலையில் அதன் நுண்குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, குருதி செல்லும் வழி அடைபடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஏற்றிய இரத்தத்தின் இரும்பு படிந்த ஈரலோ முன்னமே தளர்ந்தது. வேலூர் மருத்துவர்கள் 114 தாலசீமியா நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர்: நஞ்சு முறிக்கும் நொதி ஒன்றைப் பிறவியிலேயே பெறாதவர்க்கு இவ்வடைப்பு மிகுதியாக வருகிறது.

இந்நோய் மஜ்ஜை மாற்றோடு பிறந்ததன்று. 1970-களில், இன்று சத்தீசுகர் மாநிலத்தைச் சேர்ந்த சர்குஜாவின் சிற்றூர்களில் பலர் வயிற்றில் நீர் கோத்து மாண்டனர். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இனச் செடியின் விதை கலந்திருந்தது. அதன் நஞ்சு அடைத்ததும் இதே குழாய்களைத்தான். எனவே, மஜ்ஜை மாற்றுக்குச் செல்லும் பிள்ளைக்கு மருத்துவர் அறியாமல் எந்த மூலிகையும் கொடாதீர்கள்.

அடைப்பு பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் வருகிறது. கண் மஞ்சளிக்கும், வலப்பக்க விலாவின் கீழ் வலிக்கும். ஆனால் பலருக்கு இவற்றிற்கு முன்பே எடை கூடிவிடுகிறது. பிள்ளையின் எடை ஏறினால் தாய் மகிழ்வது இயல்பு. இங்கே அது சதையன்று, உடலில் தேங்கும் நீர். இருபது கிலோக் குழந்தை சில நாட்களில் இருபத்தொரு கிலோ ஆயிற்றென்றால் மருத்துவர் விழிப்படைவார். இலேசான அடைப்பு தானே நீங்கும். முற்றியது உயிரைக் குடிக்கும். அதற்கென உள்ள டீபைப்ரோடைடு என்னும் மருந்துக்கு ஐரோப்பா 2013-இலும் அமெரிக்கா 2016-இலும் ஒப்புதல் அளித்தன. விலையோ மிகப் பெரிது, காலந்தாழ்த்தினால் பயனும் குறைவு.

ஆகவே மருத்துவமனையில் நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே தராசில் பிள்ளையை நிறுக்கும்போது, அந்த எண்ணை நீங்களும் ஒரு தாளில் குறித்து வாருங்கள்.