சாவி அவனிடம் இருக்கிறது

(தலைப்பு: காணாமல் போனவரைப் பற்றிய மர்மக் கதையில் மனத்தில் நிலைத்து நிற்பது அவிழ்ந்த முடிச்சா? அவிழாத முடிச்சா? – ‘அவிழாத முடிச்சே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து, நான் எங்கே தடுமாறுவேன் என்று காத்துக்கொண்டிருக்கிற அருமை நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! பண்டிகையும் அதுவுமாக முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் நண்பர் என்ன சொன்னார்? முடிவு சொல்லாத மர்மக் கதை உப்பில்லாத சாம்பார் என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, உங்க தொழில்ல ஒரு வழக்கு இருபது வருஷமா முடியாம கிடக்குது. அந்தச் சாம்பாரை மட்டும் வருஷா வருஷம் எங்களுக்கு ஊத்திக்கிட்டே இருக்கீங்களே, அது என்ன நியாயம்? (சிரிப்பு)

எங்க வீட்டுக்காரரும் உங்க அணிதான். துப்பறியும் நாவல் வாங்கினார்னா கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பார். “குத்தவாளி யாருன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா படிக்கலாம் பாரு” என்பார். ஒருநாள் நான் வேண்டுமென்றே ஒரு நாவலைக் கையில் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ஒண்ணும் இல்லை. அதுக்கு முந்தின பக்கம். அங்கேயும் இல்லை. வேற வழியில்லாம முதல்லேருந்து படிச்சார். ராத்திரி ஒரு மணிக்கு என்னை எழுப்பி, “கடைசி ஃபாரம் பைண்டிங்ல விட்டுப்போச்சு போல. நாளைக்குக் கடையில மாத்திக்கிட்டு வா” என்றார். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எந்த ஃபாரமும் விட்டுப்போகவில்லை. அந்த நாவலே அப்படித்தான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லிண்ட்சே எழுதி, 1967-இல் வெளிவந்த ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’. தொங்கும் பாறைக்கு ஓர் உல்லாசப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1975-இல் பீட்டர் வியர் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

மெல்போர்ன் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் உட்எண்ட் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்திலே எரிமலைக் குழம்பு இறுகி உண்டான ஒரு பெரும்பாறை. கதைப்படி 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 14. அந்த ஊர்ப் பக்கத்து விடுதிப் பள்ளி மாணவிகள் குதிரை வண்டியிலே பாறைக்குப் போகிறார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்கிற நேரத்திலே நாலு பெண்கள் பாறை மேலே ஏறிப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். மூன்று பேர் வரவில்லை. கணக்கு ஆசிரியை ஒருவரையும் காணவில்லை.

போலீஸ் வந்தது. மோப்ப நாய் வந்தது. ஊரே திரண்டு தேடியது. ஒரு வாரம் கழித்து இர்மா என்ற ஒரு பெண் மட்டும் உயிரோடு கிடைத்தாள். ஒரு வாரம் பாறையிலே கிடந்தவளுக்குச் செருப்பில்லாத பாதத்திலே ஒரு கீறல் இல்லை. என்ன நடந்ததென்று கேட்டால், அவளுக்கு எதுவும் நினைவில்லை. மற்ற மூவரும் கதை முடிகிறவரை கிடைக்கவே இல்லை.

எதிரணித் தோழி கேட்டார்கள்: “விடை தெரியாமல் வாசகனுக்கு எப்படித் தூக்கம் வரும்?” நல்ல கேள்வி. அம்மா, அதே கேள்வியை அந்த நாவலாசிரியையும் கேட்கிறார். ஆனால் வாசகனிடம் கேட்கவில்லை, அந்தப் பள்ளிக்கூடத்திலே கேட்கிறார்.

பிழைத்து வந்த இர்மா, வெளிநாடு போவதற்கு முன்னால் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பள்ளிக்கு வருகிறாள். உடற்பயிற்சிக் கூடத்திலே எல்லோரும் இருக்கிறார்கள். ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்து நிற்கிறாள். ஒருத்தி அசையவில்லை. திடீரென்று அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, “சொல்லு! உனக்குத் தெரியும், சொல்லு!” என்று கூச்சல் போட்டுப் பிடித்து உலுக்குகிறார்கள். நேற்றுவரை ஒரே மேசையில் சாப்பிட்ட பிள்ளைகள்! செத்துப் பிழைத்து வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே ஆள் இல்லை. விடை மட்டும் வேண்டும். நடுவர் அவர்களே, விடை வெறி மனுஷனை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இதைவிட ஒரு காட்சி வேண்டுமா? (கைதட்டல்)

இன்னொரு பெண்ணைச் சொல்கிறேன். பெயர் சாரா. பதின்மூன்று வயது. தாய் தகப்பன் இல்லாதவள். ஒரு செய்யுளை மனப்பாடம் செய்யவில்லை என்று, பாறைக்கே கூட்டிப் போகாமல் பள்ளியிலே விட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கட்ட வேண்டிய பணம் வந்து சேரவில்லை என்பதால் தலைமையாசிரியை அவளைத் திரும்பவும் அநாதை விடுதிக்கே அனுப்பப் பார்க்கிறார். ஒருநாள் அந்தப் பெண்ணைக் காணவில்லை. “காப்பாளர் வந்து அழைத்துப் போய்விட்டார்” என்கிறார் தலைமையாசிரியை. யாரும் தேடவில்லை. மோப்ப நாய் வரவில்லை. அவள் தோட்டத்துச் செடிகளுக்குள்ளே செத்துக் கிடந்ததைப் பிறகு தோட்டக்காரர்தான் பார்க்கிறார்.

அதைவிடக் கொடுமை கேளுங்கள். சிறுவயதிலே அநாதை விடுதியிலே பிரிந்துபோன அவளுடைய அண்ணன், சில மைல் தூரத்திலே ஒரு பணக்கார வீட்டிலே குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். பாறையிலிருந்து இர்மாவைக் கண்டெடுத்தவனே அவன்தான்! யாரோ பெற்ற பெண்ணை மீட்டவனுக்கு, தன் தங்கை பக்கத்து ஊரில் இருப்பது தெரியாது. நாவல் முடிகிற வரைக்கும் தெரியாது. படிக்கிற நமக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஆசிரியை கடைசியிலே ஒரு குற்றவாளியைக் காட்டி, கைவிலங்கு மாட்டி, ‘முற்றும்’ போட்டிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? குற்றவாளியை நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடியிருப்போம். சாராவை மறந்திருப்போம். முடிச்சு அவிழவில்லை என்பதால்தான் நம் கண் காணாமல் போனவர்களிடமிருந்து திரும்பி, இருந்தவர்கள் மேலே விழுகிறது. யாரைத் தேடினோம், யாரைத் தேடவில்லை என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

அந்தக் கேள்வி நாவலோடும் நிற்கவில்லை. அந்தப் பாறையைச் சுற்றிக் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலே அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். கதையிலே வருகிற பெண்களைத் தேடிப் பாறை ஏறுகிறவர்கள், நிஜத்திலே அந்த மண்ணை இழந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டு 2017-இல் அங்கே ஓர் இயக்கமே நடந்தது. விடை சொல்லி முடித்த கதையாக இருந்தால், ஐம்பது வருஷம் கழித்து அதன் மேல் இன்னொரு கேள்வி முளைக்குமா?

“இது உண்மையா, கதையா?” என்று வாசகர்களும் விடவில்லை. ஆசிரியை முன்னுரையிலே, அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். ஆராய்ந்தவர்கள் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை. நாவலிலே அந்த பிப்ரவரி 14 சனிக்கிழமை. காலண்டர்ப்படி அது புதன்கிழமை! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அகதா கிறிஸ்டியை இழுத்தார். முடிச்சை அவிழ்ப்பதிலே மகாராணி என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மகாராணியே ஒருமுறை காணாமல் போனார், தெரியுமா? 1926 டிசம்பர் 3 இரவு காரை எடுத்துக்கொண்டு போனார். கார் வழியிலே கிடந்தது. நாடே தேடியது. 11 நாள் கழித்து ஹாரோகேட் என்ற ஊரிலே ஒரு ஓட்டலிலே, வேறு பெயரிலே தங்கியிருந்தார். ஏன் போனார்? அவர் மறைவுக்குப் பின் 1977-இல் வெளிவந்த தன்வரலாற்றிலே அந்த 11 நாளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊரார் முடிச்சையெல்லாம் அவிழ்த்தவர், தன் முடிச்சை மட்டும் அவிழ்க்காமலே போய்விட்டார். (கைதட்டல்)

சரி, அந்தப் பாறைக்கு விடையே கிடையாதா என்றால், உண்டு! லிண்ட்சே கடைசியாக ஓர் அத்தியாயம் எழுதித்தான் வைத்திருந்தார். பதிப்பகத்தார் யோசனையின்படி அதை விட்டுவிட்டு அச்சிட்டார்கள். அவர் 1984-இல் காலமான பிறகு, 1987-இல் அது தனியாக வெளிவந்தது. அதிலே என்ன இருக்கிறது? பாறை மேலே வெட்டவெளியிலே ஒரு துளை திறக்கிறது. ஆசிரியை போகிறார், ஒரு பெண் போகிறாள், இன்னொருத்தி போகிறாள். இர்மாவின் முறை வரும்போது ஒரு பாறை விழுந்து வழியை அடைத்துவிடுகிறது. அவ்வளவுதான். விடை கிடைத்துவிட்டது. எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றார். (சிரிப்பு) எதிரணி ஆளே எங்க பக்கம் வந்துட்டார், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இதை நான் மேடையிலே சொன்னதில்லை.

1982. எனக்குப் பத்து வயசு. எங்க அத்தை மகன், எனக்கு அத்தான் முறை, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போனான். ஃபெயிலாகியிருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். பாஸ். அன்றைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலே பூட்டியபடி நின்றது. மாமா அதைத் தோளிலே தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டை உடைக்கலாம் என்றார்கள். அத்தை விடவில்லை. “சாவி அவன்கிட்டதானே இருக்கு, வந்து திறப்பான்” என்றார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தச் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள்.

ஒருவர் 7 ஆண்டுகள், அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லாமல் போனால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற சட்டத்திலும் இருக்கிறது. சட்டம் தவறில்லை. சொத்து, பத்திரம், வாழ வேண்டியவர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வேண்டும். ஆனால் நிலம் பாகம் பிரிக்கிறபோது, அந்தப் பையன் இல்லை என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். அத்தை கையெழுத்துப் போடவில்லை.

எல்லோரும் அத்தையிடம் “என்ன நடந்திருக்கும்? யார் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க?” என்று கேட்பார்கள். துப்பறிகிறவர் கேள்வி அது. அத்தை ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. சோற்றில் கை வைக்கும்போது மட்டும் மெல்லக் கேட்பார்கள்: “சாப்பிட்டிருப்பானா?”

(அரங்கில் அமைதி)

வழக்கறிஞர் நண்பர் உடனே எழுந்து கேட்கலாம்: “அந்தத் தாய்க்கும் விடைதானே வேண்டும்?” ஆமாம் ஐயா. வேண்டும். பிள்ளையைத் தொலைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் விடை கிடைக்கட்டும். அதற்குப் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அவர்கள் தேடியே ஆக வேண்டும். ஆனால் தேடியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்! எல்லாக் கதையும் முந்நூறாம் பக்கத்திலே முடிச்சை அவிழ்த்துவிட்டால், அவிழாத முடிச்சோடு வாழ்கிறவர்களுக்குத் துணையாக எந்தக் கதை இருக்கும்?

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று நம் முன்னோர் உரிப்பொருள் வகுத்தார்கள். போனவர் கதையைப் பாலையோடு விட்டுவிடவில்லை. காத்திருக்கிறவளுக்கு ஒரு நிலம், கலங்கி நிற்கிறவளுக்கு ஒரு நிலம் என்று தனித்தனியே கொடுத்தார்கள். துப்பறியும் கதை பிரிதலைத்தான் ஆராய்கிறது. முடிவு சொல்லாத கதைதான் இருத்தலையும் இரங்கலையும் சொல்கிறது. (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன்.

எங்க அத்தை 2009-இல் காலமானார்கள். சைக்கிள் இப்போது எங்கள் வீட்டிலே இருக்கிறது. டயர் மக்கிப்போய்விட்டது. பூட்டு துருப்பிடித்துவிட்டது. சென்ற ஆயுத பூஜைக்கு நான் பொட்டு வைக்க மறந்துவிட்டேன். வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், பொட்டு வைத்திருக்கிறது. வைத்தவர் யார் தெரியுமா? கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற எங்க வீட்டுக்காரர்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, அவிழ்ந்த முடிச்சு அன்றைக்கு ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்கும். ஆனால் மனத்தில் நிலைத்து நிற்பது அவிழாத முடிச்சே, அவிழாத முடிச்சே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமைகிறேன்.