சைக்கிள் இலக்கத்தை எழுதி வையுங்கள்



நம்ம தோட்டத்து ஏத்த இறக்கத்தில் சைக்கிள் அவ்வளவாக உதவாது. ஆனால் மட்டக்களப்பில் கடை வேலைக்குப் போயிருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு அதுதான் கால். வாவியைச் சுற்றி எல்லாம் சமதரை. கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதுப்பாலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. வாவியைத் தாண்டி வேலைக்குப் போக சைக்கிள் இருந்தால் பஸ் காசு மிச்சம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது சைக்கிள் விலை ஏறியது. விலை ஏறின பொருள் கள்ளன் கண்ணுக்குத் தப்புமா?

பின் சில்லில் உள்ள வளையப் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். பூட்டோடேயே தூக்கிக்கொண்டு போய்விடுவான். சங்கிலியை பிரேமுக்குள்ளும் சில்லுக்குள்ளும் விட்டு, தூணோடு சேர்த்துப் பூட்டணும்.

அதைவிட முக்கியம் பிரேமில் குத்தியிருக்கிற இலக்கம். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும், சில வண்டியில் சீற்றுக்குக் கீழே. மண்ணைத் துடைத்துப் பார்க்கணும். களவு போனால் உடனே பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். "கறுப்பு லுமாலா" என்று மட்டும் சொன்னால், ஊரில் எத்தனை கறுப்பு லுமாலா! இலக்கமும் கடை பில்லும் இருந்தால்தான் அகப்பட்ட வண்டி நம்மடது என்று காட்டலாம்.

பழைய சைக்கிள் வாங்குகிற பிள்ளை, விற்கிறவரிடம் இலக்கம் போட்டுக் கையெழுத்தோடு கடிதம் வாங்கணும். மலிவென்று களவுச் சைக்கிளை வாங்கினால், பொலிஸில் நிற்கப்போவது நம்ம பிள்ளைதான்.

அடுத்த லீவுக்குப் பிள்ளை வரும்போது இலக்கத்தைக் கேட்டு, லயத்து வீட்டுக் கொப்பியிலும் ஒரு பிரதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் நலன்புரி அறைக்கு வந்தால் நாங்கள் எழுதித் தருகிறோம்.