மின்னிசையும் அகப்பாட்டும்



குறுந்தொகையின் 138ஆம் பாட்டு கொல்லன் அழிசி பாடியது. ஊர் முழுதும் உறங்கிவிட்டது. தலைவி உறங்கவில்லை, அவளோடு தோழியும் உறங்கவில்லை. வீட்டின் அயலில் நிற்கும் நொச்சி மரத்திலிருந்து நீலப் பூக்கள் உதிர்கின்றன. அவை விழும் ஓசையைக் கேட்டவண்ணம் இரவு கழிந்தது என்று மறுநாள் தோழி சொல்கிறாள். அவ்வளவே பாட்டு. பூ விழும் ஓசையைக் கேட்கும் காது எத்தனை கூர்மை பெற்றிருக்க வேண்டும்! காத்திருப்பின் ஆழம் அங்கே கண்ணீரால் அளக்கப்படவில்லை; கேட்ட ஓசையின் மென்மையால் அளக்கப்படுகிறது. சம்மட்டி ஓசையைத் தொழிலாகக் கொண்ட குலத்தைப் பெயரில் தாங்கிய புலவர் இதைப் பாடினார் என்பது தனிச் சுவை.

இந்தப் பாட்டோடு சேர்த்து எண்ணிப் பார்க்கத் தக்கது, கடந்த நாற்பதாண்டுகளாகத் தமிழர் இரவுகளில் ஒலித்துவரும் ஒருவகை மின்னிசை. விளக்கணைத்த அறையில், தாழ்ந்த குரலில், கனவில் கேட்பது போலப் படர்ந்து வரும் பாட்டு அது. கவியரங்குகளில் அதன்மேல் ஒரு குற்றச்சாட்டு வழக்கமாகச் சொல்லப்படுகிறது: "அது இயந்திர இசை, அதில் உயிரில்லை, சொல்லையும் விழுங்கிவிடுகிறது." இக்குற்றச்சாட்டின் முற்பாதி தவறு. பிற்பாதி பெரிதும் சரி. இரண்டையும் பிரித்துப் பார்க்காமையால்தான் கவிஞர்கள் அவ்விசையை ஒரேயடியாக இகழவோ, ஒரேயடியாக அதற்கு அடிமையாகவோ நேர்கிறது.

இயந்திரத்தில் உயிர் உண்டா என்று கேட்பவர்கள் நாஞ்சில் நாட்டில் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்கள் நிற்கின்றன. ஒரே கல்லில் செதுக்கிய சிறுதூண்களின் கொத்து. தட்டத் தட்ட வெவ்வேறு ஒலி. நரம்புமில்லை, தோலுமில்லை, துளையுமில்லை. ஆயினும் கல்லில் பிறந்ததால் அவ்வொலியை எவரும் உயிரற்றது என்று தள்ளவில்லை. இன்னொன்றும் உண்டு. அத்தூண்களின் ஒலி மிகச் சன்னமானது; காதைக் கல்லோடு ஒட்டவைத்தால்தான் நன்கு கேட்கும். திருவிழாக் கூட்டத்துக்கு முன் வாசிக்கத்தக்கதன்று. ஒருவர் தட்ட மற்றொருவர் சாய்ந்து கேட்கும் இசை அது.

மின்னிசைக் கருவி செய்த மாற்றம் எங்கே இருக்கிறது என்பதை அறிய, ஓர் ஒலி பிறந்து மறையும் முறையைக் கவனிக்க வேண்டும். வீணையின் தந்தியை மீட்டினால் ஒலி உச்சத்தில் பிறந்து உடனே தேயத் தொடங்குகிறது. மத்தளத்தில் இது இன்னும் விரைவு. நாகசுரத்தில் மூச்சுள்ள அளவும் நிற்கும். சிந்தசைசர் என்னும் கருவியிலோ பிறப்பு, நிலை, தேய்வு மூன்றையும் கலைஞன் தன் விருப்பப்படி நீட்டலாம், குறுக்கலாம். பிறப்பை நீட்டிவிட்டால், எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் மாலை வெளிச்சம் மங்குவது போல ஒலி வந்து பரவும். இதை இசையமைப்பாளர்கள் 'பேட்' என்பர். பாட்டின் அடியில் விரித்த மெத்தை என்று சொல்லலாம். அடுத்தது, ஓசை நின்றபின் அறையில் தங்கும் எச்ச ஒலி. ஒலிப்பதிவாளர் மொழியில் 'ரிவர்ப்'. முன்பெல்லாம் அதற்கு மெய்யாகவே ஓர் அறையோ, அதிரும் உலோகத் தகடோ வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் எண்முறைக் கருவிகள் வந்தபின், சிறு அறையில் நின்று பாடிய குரலைக் குகைக்குள்ளும் கோயில் பிராகாரத்திலும் மலைச்சரிவிலும் நிறுத்த முடிந்தது.

பேட் பொழுதைத் தருகிறது. ரிவர்ப் நிலத்தைத் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்காமல், முதலிலே இடத்தையும் நேரத்தையும் நிறுத்திவிட்டுப் பின் மிகச் சிறிதே பேசுவது அகப்பாட்டின் வழக்கம். மின்னிசை அறிந்தோ அறியாமலோ அவ்வழியில் நடக்கிறது. முதல் சொல் பிறக்கும் முன்பே, கேட்பவன் ஒரு யாமத்துக்குள் இருக்கிறான்.

இக்கருவி வந்த வழியைச் சுருக்கமாகக் காணலாம். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் தம் கருவியை வெளிக்கொணர்ந்தார். 1969இல் அதிலொன்று அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. 1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங் ஜப்பானியக் கருவிகளில் பத்து இராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது கவனம் பெறவில்லை; 2010இல் மறுபதிப்பு வந்தபின் உலகம் வியந்தது. 1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 விற்பனைக்கு வந்தது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளை இணைக்கும் 'மிடி' என்னும் பொதுமுறையும் அதே ஆண்டில் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1986இல், இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்தில் கணினிவழி இசையை ஆண்டார். கருவியிசையின் வரலாற்றில் இது மிகச் சிறிய இடைவெளி.

ஆனால் கருவி மட்டும் வந்து பயனில்லை; குரலும் தாழ வேண்டும். நாடக மேடையில் ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய எம்.கே. தியாகராஜ பாகவதரின் உச்சத் தொனி ஒருபுறம். ஒலிவாங்கியை நம்பித் தணிந்து பாடிய ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் குரல் மறுபுறம். தமிழ்க் காது அந்த மாற்றத்தை ஒரு தலைமுறைக்குள் ஏற்றுக்கொண்டது. ஒலிவாங்கி என்பது குரலைப் பெரிதாக்கும் கருவி என்று கருதுவது அரை உண்மை. பேசும் குரலையும் பாட்டாக்க இடமளித்த கருவி அது.

1992 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த 'ரோஜா' இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடம். அதன் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானுக்கு அப்போது வயது 25. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டித் தாமே அமைத்த பதிவுக்கூடத்தில் பாடல்களை உருவாக்கினார். அதுவரை சென்னைப் பதிவரங்குகளில் பெரிய வாத்தியக் குழுவைக் கூட்டி, மணிக்கணக்கு வாடகைக்கு அஞ்சி விரைந்து முடிக்கும் முறையே பெரும்பாலும் நிலவியது. இங்கோ கடிகாரம் குறுக்கிடாத இரவு வேலை. ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் நுண்ணிய காதும் துணை நின்றது. 2008இல் அவர் மறைந்தது தமிழ்த் திரையொலிக்குப் பேரிழப்பு. உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய 'புது வெள்ளை மழை' பாட்டில் கருவிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கிடையே விட்ட வெளிதான் பெரிது. பாடுபவர் மூச்சு இழுப்பதும் கேட்கிறது. மூச்சு கேட்கும் தொலைவில் இருப்பவர் யார்? மிக நெருங்கியவர் மட்டுமே. அந்த நெருக்கத்தைத்தான் அவ்விசை உண்டாக்குகிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. பல தடப் பதிவு முறையில் பாடகர்கள் தனித்தனியே, வெவ்வேறு நாள்களில் வந்து பாடிச் செல்ல இயலும். இன்று கேட்கும் காதல் இருவர் பாட்டுகள் பலவற்றில் அந்த இருவரும் பதிவின்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள், சங்க அகப்பாட்டும் இருவர் பாட்டன்று என்பதை நினைக்க வேண்டும். அங்கும் ஒருவர் கூற்றுதான். மற்றவர் கேட்கிறார், அல்லது வேலிக்கு அப்பால் நிற்கிறார், அல்லது பொருள்தேடிப் போய்விட்டார்.

இவ்விசை குமரி மாவட்டத்துக்கு வந்த வகை தனியே பேசத்தக்கது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது, அதுவும் பண்பலையில். அதற்கு முன் திருவனந்தபுரம், திருநெல்வேலி, இலங்கை நிலையங்களின் மத்திய அலை ஒலியே இம்மாவட்டத்தின் காதை வளர்த்தது. மத்திய அலையில் உச்ச ஒலிகள் வெட்டுண்டு போகும், இரைச்சலும் கூடவரும். பண்பலையிலோ மூச்சும் கேட்கும். சிந்தசைசர் படரும் பாட்டுக்கு ஏற்ற வாகனம், அப்பாட்டு வருவதற்குச் சில ஆண்டு முன்னரே, நாட்டின் தென்கோடியில் ஆயத்தமாக நின்றது தற்செயல்தான். ஆயினும் நல்ல தற்செயல்.

கோயில் கொடைகளில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் அதே பாட்டைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அந்தக் குழாய் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பனைமரங்களைத் தாண்டி வீசும். அடியில் விரித்த மெத்தை காணாமற் போய், குரல் வெறுந்தரையில் நிற்கும். வில்லுப்பாட்டுக்கு அக்குழாய் கேடு செய்யவில்லை. வில்லின் மணியும் குடத்தின் அடியும் புலவரின் உரத்த குரலும் ஊரைக் கூட்டுவதற்கென்றே பிறந்தவை. வில்லிசை புறம், நள்ளிரவுப் பண்பலை அகம். ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளக்கலாகாது.

அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. திரைப்பாட்டில் இவ்விதி நிற்பதில்லை. திரையில் நடிகரின் முகம் வந்துவிடுகிறது. பெயரும் ஊரும் உடன்வருகின்றன. ஆனால் இரவில் வானொலியில் கேட்கும்போது முகம் கழன்றுவிடுகிறது. அப்பாட்டு எவருடையதும் ஆகிறது. 2000இல் வந்த 'அலைபாயுதே' படத்தில் ஸ்வர்ணலதா பாடிய 'எவனோ ஒருவன்' இதற்கு நல்ல சான்று. பெயரற்றவன் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. 2010இல் பாடகி மறைந்தார். படத்தின் காட்சியை மறந்தவர்களும் அப்பாட்டை மறக்கவில்லை.

இனி, சொல் பற்றிய குற்றச்சாட்டு. எச்ச ஒலி மிகுந்தால் முதலில் மழுங்குவது வல்லினம். க, ச, ட, த, ப, ற ஆகியவற்றின் வெடிப்பும் உரசலும் கலங்கிப் போகும். மெல்லினமும் இடையினமும் உயிரும் தாக்குப்பிடிக்கும். பாடலாசிரியர் வைரமுத்து எழுதிய 'எவனோ ஒருவன்' என்னும் இரு சொல்லில் ஒரு வல்லினமும் இல்லை. 'என்னவளே', 'உயிரே' இவற்றிலும் இல்லை. 1995இல் 'கர்ணா' படத்துக்கு வித்யாசாகர் இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய 'மலரே மௌனமா' இன்னும் தெளிவு. தொல்காப்பியர் எண்ணிய இருபது வண்ணங்களில் மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். இடையெழுத்து மிக்கு வருவது இயைபு வண்ணம். திரையுலகம் 'மெல்லிசை' என்று பெயர் சூட்டிக்கொண்டபோது தொல்காப்பியரை நினைத்திருக்காது. காது மட்டும் சரியாக நினைத்திருக்கிறது. தொட்டில் அருகே 'ஆராரோ' என்று தொடங்கிய தாய்மாருக்கு இவ்விலக்கணம் எவரும் கற்பிக்கவில்லை.

இங்கேதான் கவிஞர்கள் விழக்கூடிய குழியும் உள்ளது. மெல்லெழுத்தை அடுக்கினால் மென்மை வந்துவிடும் என்று எண்ணிப் பலர் நிலா, மலர், மௌனம், மேனி என்று கோத்துக்கொண்டே போகின்றனர். மெட்டு முன்னே வந்து சொல் பின்னே வரும் தொழிலில் இது எளிய வழி. முடிவில் அங்கே பொழுது இருக்கிறது, நிலம் இருக்கிறது, காத்திருப்பவள் மட்டும் இல்லை. முதற்பொருள் நிறைந்து உரிப்பொருள் ஒழிந்த பாட்டு அது. மேலைநாட்டில் ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழுவில் பாடிய எலிசபெத் ஃப்ரேசர் 1980களில் பொருள் பிடிபடாத ஒலிகளையே சொற்கள் போலப் பாடினார். அது துணிந்து செய்த செயல். சொல்லைக் கைவிட்டவர் கைவிட்டதாகவே காட்டினார். தமிழ்ப் பாடல்கள் பலவற்றில் சொல் இருப்பது போல் நடிக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது.

கொல்லன் அழிசியின் பாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். அதன் முதலெழுத்தே வல்லினம். உள்ளேயும் வல்லினத்துக்குக் குறைவில்லை. நொச்சி என்னும் சொல்லிலேயே இரட்டித்த சகரம் நிற்கிறது. ஆனால் தமிழில் அதைவிட மெல்லிய ஓசையைப் பாடிய பாட்டைத் தேடிக் காண்பது அரிது. எழுத்து வலிது, கேட்கும் மனம் மெலிது. மயிலின் அடி போன்ற இலை, நீலமணி போன்ற பூ என்று கண்ணுக்குத் துல்லியமாகக் காட்டிவிட்டு அப்புறமே ஓசையைச் சொல்கிறார். வெறும் மயக்கத்தை அவர் தரவில்லை.

மின்னிசை வரவால் சென்னைப் பதிவரங்குகளில் வயலின் வரிசையில் அமர்ந்த பலர் வேலையிழந்தனர். கோயில்களில் மேளக்காரர் நின்ற இடத்தில் மோட்டாரில் சுழன்று முரசும் மணியும் அடிக்கும் பெட்டி வந்து நிற்கிறது. அப்பெட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது எந்தப் பொழுதையும் தருவதில்லை. உச்சிக்காலத்துக்கும் அர்த்தசாமத்துக்கும் ஒரே இரைச்சல். இயந்திரம் என்ற ஒரே சொல்லால் அதையும் சிந்தசைசரையும் சேர்த்துக் கட்டுவது நீதியாகாது.

கவியரங்க மரபு இந்த மாவட்டத்தில் வலுவானது. ஓரடியைச் சொல்லி, நிறுத்தி, கைதட்டலுக்காக மீண்டும் அதே அடியைச் சொல்லும் வழக்கம் மேடைக்குப் பொருந்தும். அகப்பாட்டுக்குப் பொருந்தாது. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டமாவது இரவில் வைத்து, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, இருபது பேர் நெருங்கி அமர்ந்து, கவிதைகளைப் பேசும் குரலில் படித்துப் பார்க்கலாம். எந்த அடியையும் இரண்டாம் முறை சொல்லாமல்.